சிற்றுயிர்களின் காவியகர்த்தர் ழான் ஆன்ரி ஃபாபர்

தும்பியும் ஞிமிறும் மின்மினியும் சிலந்தியும் தமிழ்க் கவிதைக்குப் புதியன அல்ல. சங்கப் புலவர் தொடங்கிப் புதுக்கவிஞர் வரை இச்சிற்றுயிர்களை உவமையாகவும் உள்ளுறையாகவும் எடுத்தாண்டு வந்துள்ளனர். உவமைக்குத் துணையாக அழைக்காமல், அவற்றை அவற்றிற்காகவே நோக்கி, அந்நோக்கிற்கு ஏறத்தாழ ஒரு முழு வாழ்நாளையே ஈந்து, கண்டதைக் கண்டவாறே எழுதி, அவ்வெழுத்தினை இலக்கியமாகவும் ஆக்கிய ஒருவர் பிரான்சு நாட்டில் வாழ்ந்தார். பட்டம், பதவி, செல்வம் ஆகிய மூன்றும் அவரை நெருங்கி வந்து விலகின. கண்ணால் காணாததை எழுதுவதில்லை என்னும் உறுதி மட்டும் இறுதிவரை உடனிருந்தது. பூச்சிகளின் ஹோமர் என்று பிற்காலத்தார் போற்றிய ழான் ஆன்ரி ஃபாபரே அவர்.

இளமையும் வறுமையும்

தென் பிரான்சின் அவெரோன் மாவட்டத்தைச் சேர்ந்த சேன் லெயோன் என்னும் மலைச்சிற்றூரில் 1823ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஃபாபர் பிறந்தார். பெற்றோர் ஏழைகள். ஒரு வாய் குறையட்டும் என்று பிள்ளையை மாலவால் என்னும் இடத்திலிருந்த பாட்டன் பாட்டியிடம் அனுப்பிவைத்தனர். பாட்டன் ஆடுமாடுகளோடு வாழ்ந்தவர், எழுத்தறியாதவர். அக்குடும்பத்தில் அதற்கு முன் எவரும் பூச்சியையோ பூவையோ உற்றுநோக்கியதாகத் தெரியவில்லை என்பதை ஃபாபரே பின்னாளில் வியப்புடன் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

ஐந்தாறு வயதில், கதிரவனைத் தாம் வாயால் காண்கிறோமா கண்ணால் காண்கிறோமா என்ற ஐயம் அச்சிறுவனுக்கு எழுந்தது. வாயைத் திறந்து கண்ணை மூடினான், ஒளி மறைந்தது. வாயை மூடிக் கண்ணைத் திறந்தான், ஒளி மீண்டது. மறுபடியும் செய்து பார்த்து உறுதி செய்துகொண்டான். அன்றிரவு தன் கண்டுபிடிப்பை உணவுவேளையில் அறிவித்தபோது வீடே சிரித்தது. பாட்டி மட்டும் அன்போடு சிரித்தார். பிறர் சொல்லக் கேட்டு அமையாமல் தானே செய்து பார்த்துத் தெளியும் ஃபாபரின் இயல்பு அங்கேயே முளைவிட்டுவிட்டது.

ஊர்ப்பள்ளியின் ஆசிரியரே ஊருக்கு நாவிதர். கோயில் மணியடிப்பவரும் அவரே. வகுப்பறைக்குள் பன்றிக்குட்டிகளும் கோழிக்குஞ்சுகளும் தாராளமாக வந்து போகும். 1833இல் குடும்பம் ரொதேஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை அங்கு நடத்திய காப்பிக்கடை நொடித்தது. அடுத்தடுத்த நகரங்களிலும் அதே கதைதான். ரொதேஸ் பள்ளியில் தேவாலயத் திருப்பணி செய்ததால் சிறுவனுக்குக் கட்டணம் தள்ளுபடி ஆயிற்று. அங்கே இலத்தீன் பாடத்தில் விர்ஜிலைக் கற்றான். பிற மாணவர் இலக்கணத்தோடு மல்லாட, இவன் அக்கவிதைகளில் வரும் தேனீயையும் சில்வண்டையும் புறாவையும் தேடி மகிழ்ந்தான்.

பின்னர்க் குடும்பம் சிதறிற்று. பள்ளிப்பருவம் கடவாத ஃபாபர் பொக்கேர் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். இருப்புப்பாதை அமைக்கும் கூலிகளோடு சேர்ந்து மண் சுமந்தார். அந்நாட்களில் ஒருமுறை கையில் எஞ்சியிருந்த சில்லறையை உணவுக்குச் செலவிடாமல், நீம் நகரத்து ரொட்டிக்கடைக் கவிஞர் ழான் ரெபூலின் கவிதை நூலை வாங்கினார். பசியையும் அக்கவிதைகளையும் ஒருசேரச் சுமந்து நடந்த அந்த இளைஞன் போட்டித் தேர்வெழுதி அவிஞ்ஞோன் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் உதவித்தொகையுடன் இடம்பெற்றான்.

ஆசிரியப் பணியும் தற்பயிற்சியும்

1842இல் கார்ப்பந்த்ரா நகரில் தொடக்கநிலை ஆசிரியரானார். ஆண்டுச் சம்பளம் 700 பிராங்க். கோடைக்காலத்தில் நில அளவை கற்பிக்க மாணவரை வெட்டவெளிக்கு அழைத்துச் செல்வார். அளவுக்கோலை நட அனுப்பிய பையன்கள் வழியிலே நின்று, குனிந்து, கூழாங்கல்லைப் பொறுக்கி, வைக்கோல் தட்டையால் எதையோ உறிஞ்சினர். கல்லின்மீது மண்கூடு கட்டும் ஒருவகைத் தேனீயின் தேன் அது. ஆசிரியரும் மாணவரோடு சேர்ந்து சுவைத்தார். பின்னர் அத்தேனீயின் பெயரறிய விரும்பி, ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துப் பூச்சிகளைப் பற்றிய படநூல் ஒன்றை வாங்கினார். அந்நூலை ஓர் இரவும் பகலுமாகப் படித்தார் என்பதைவிட, அதன்பின் வாழ்நாள் முழுதும் அந்நூலில் இல்லாதவற்றைத் தேடினார் என்பதே பொருந்தும்.

1844இல் மணம் முடித்தார். கல்லூரி வாயிலை மிதிக்காமலே கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டத் தேர்வுகளில் தேறினார். 1849இல் கோர்சிக்கத் தீவின் அஜாக்சியோவில் இயற்பியல் ஆசிரியர் பணி கிடைத்தது. அங்கே தாவரவியலறிஞர் ரெக்கியனின் நட்பு வாய்த்தது. அடுத்துவந்த மோக்கன் தாந்தோன் என்னும் பேராசிரியர் ஒருநாள் உணவுமேசையிலேயே ஒரு தட்டில் நீரூற்றி, தையற்பெட்டியிலிருந்த கத்தரிக்கோலையும் ஊசிகளையும் கொண்டு நத்தை ஒன்றின் உள்ளமைப்பைப் பிரித்துக் காட்டினார். ஃபாபர் பெற்ற உயிரியல் பாடம் அதுவொன்றே. கணிதத்தை விடுத்து உயிர்களிடம் செல்லுமாறு அப்பேராசிரியர் அறிவுறுத்தியதும் அப்போதுதான்.

குளவியின் கொடுக்கு

1853இல் அவிஞ்ஞோன் உயர்பள்ளிக்கு வந்தார். சம்பளம் 1600 பிராங்க். பெரிய வீட்டுக் குதிரைக்காரன் அதனினும் மிகுதியாகப் பெறுவான் என்று அவரே குறைபட்டுள்ளார். ஒரு குளிர்கால இரவு, வீட்டார் உறங்கிய பின், அணையும் கணப்பின் அருகில் அமர்ந்து லெயோன் துஃபூர் என்னும் மூத்த பூச்சியியலாரின் கட்டுரை ஒன்றைப் படித்தார். வேட்டைக்குளவி ஒன்று தன் குஞ்சுக்கு உணவாக வண்டுகளைக் கொன்று மண்ணுக்குள் சேமிக்கிறது. அவ்வண்டுகள் வாரக்கணக்கில் அழுகுவதில்லை. குளவியின் நஞ்சே அவற்றைக் கெடாமல் காக்கிறது என்பது துஃபூரின் முடிவு.

ஃபாபர் அம்முடிவை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. மண்மேட்டிற்குச் சென்று அமர்ந்தார். அதே இனத்துக் குளவி கூன்வண்டுகளைக் கொண்டுவருவதைக் கண்டார். அவற்றைத் தோண்டியெடுத்துச் சோதித்தார். வண்டுகள் இறந்திருக்கவில்லை. அவற்றின் அசைவு மட்டுமே போயிருந்தது. கால்களை இயக்கும் நரம்பு முடிச்சுகள் ஓரிடத்தில் நெருங்கியிருக்கும் வண்டினங்களையே அக்குளவி தேர்கிறது. அம்முடிச்சுகளை எட்டக்கூடிய மார்புப் பொருத்திலேயே கொடுக்கைப் பாய்ச்சுகிறது. தாமும் பேனா முனையில் ஒரு துளி அமோனியாவை எடுத்து அதே இடத்தில் செலுத்திப் பார்த்தார். வண்டு அக்கணமே அசைவற்றது. ஆயினும் பல நாள் உயிரோடிருந்தது. 1855இல் இவ்வாய்வு வெளியாயிற்று. மறு ஆண்டு பிரெஞ்சு அறிவியற்கழகம் பரிசளித்தது. தம் முடிவு திருத்தப்பட்டதை அறிந்த துஃபூர் மனமுவந்து பாராட்டினார். அதே 1855இல், பூரான் மரவட்டை இனங்களைப் பற்றிய ஆய்வேட்டையும் ஆர்க்கிட் கிழங்குகளைப் பற்றிய ஆய்வேட்டையும் அளித்துப் பாரிசில் முனைவர் பட்டம் பெற்றார்.

குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகிவிடும் என்பது தமிழ்நாட்டின் நெடுநாள் நம்பிக்கை. குருவின் நினைவால் சீடன் குருவே ஆதலுக்கு வேதாந்த நூலார் இதனை எடுத்துக்காட்டுவர். மண்கூட்டினுள் புழுவை வைத்து மூடியதையும் சிலநாளில் அங்கிருந்து குளவி வெளிப்பட்டதையும் கண்ட கண்கள் அந்நம்பிக்கையை உண்டாக்கின. இடையில் நிகழ்வதை ஃபாபர் போன்றோரின் பொறுமை காட்டிற்று. அசைவிழந்த புழுவின்மேல் குளவி முட்டையிடுகிறது. பிறக்கும் குஞ்சு அப்புழுவை உயிரோடு சிறிது சிறிதாகத் தின்று வளர்கிறது. உவமை அழகியது, உண்மை அதனினும் அச்சந்தருவது.

வந்தவையும் போனவையும்

1865இல் பட்டுப்புழு நோயை ஆராய வந்த லூயி பாஸ்டர் ஃபாபரைத் தேடி வந்தார். பட்டுக்கூட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே ஏதோ இருக்கிறதே என்று வியந்த அவர், கூட்டுப்புழு என்பதையே அறியாதவராய் இருந்தார். அத்தகையவர் சிலவாண்டுகளில் பட்டுத்தொழிலைக் காத்ததைக் கண்ட ஃபாபர், முன்னறிவு இன்மையும் ஒருவகைத் துணையே எனக் கருதினார்.

குடும்பச் சுமையைக் குறைக்க, மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து சிவப்புச்சாயம் எடுக்கும் எளிய முறை ஒன்றைப் பல்லாண்டு உழைத்துக் கண்டார். வறுமை நீங்கும் வேளை வந்ததென எண்ணியிருந்தபோது, ஜெர்மன் வேதியியலார் அச்சாயத்தை 1868இல் செயற்கையாகவே ஆக்கிவிட்டனர். மஞ்சிட்டித் தொழிலோடு ஃபாபரின் நம்பிக்கையும் மடிந்தது.

கல்வியமைச்சர் விக்டர் துருய் இவரது தகுதியை உணர்ந்து 1868இல் அரசின் சிறப்புவிருதைப் பெறச் செய்தார். துருய் முன்னின்று தொடங்கிய பொதுமக்களுக்கான மாலை வகுப்புகளில் ஃபாபர் அறிவியல் கற்பித்தார். இளம்பெண்களும் வந்து கேட்டனர். பூக்களில் மகரந்தம் சேர்ந்து கருவுறும் முறையை அவர் அப்பெண்கள் முன்னிலையில் விளக்கியது பெருங்குற்றமாயிற்று. சமயத்தார் தூற்றினர். இவருக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த இரு முதிய சகோதரியர் காலி செய்யுமாறு கூறிவிட்டனர். எழுத்து வடிவில் ஒப்பந்தம் ஏதும் இல்லை. ஏறத்தாழ இருபதாண்டுப் பணியை விட்டு, மனைவி மக்களோடு வெளியேற வேண்டியதாயிற்று.

அந்நேரத்தில் கைகொடுத்தவர் ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். அவிஞ்ஞோனில் மனைவி மறைந்தபின் அவ்வூரிலேயே வீடு வாங்கி வாழ்ந்துவந்தார். செடிகொடி தேடி நடப்பதில் இருவருக்கும் தோழமை உண்டு. மில் 3000 பிராங்கைக் கைச்சீட்டுக்கூட வாங்காமல் தந்தார். ஃபாபர் 1871இல் ஒராஞ்ச் நகருக்குச் சென்று, பள்ளிச் சிறுவர்க்கான அறிவியல் நூல்களை ஓயாது எழுதி, அக்கடனை முழுதும் அடைத்தார்.

ஒராஞ்ச் வாழ்வில் பேரிடி ஒன்று விழுந்தது. பூச்சி தேடலில் தந்தைக்குக் கண்ணாகவும் காலாகவும் விளங்கிய மகன் ழூல், 1877இல் பதினாறு வயதில் இறந்தான். ஃபாபர் தாம் புதியனவெனக் கருதிய மூன்று குளவியினங்களுக்கு மகனது பெயரைச் சூட்டினார். தம் பெருநூலின் முதல் தொகுதியையும் அவனுக்கே படைத்தார்.

தரிசு நிலத்தில் ஒரு வாழ்வு

1879இல் செரிஞ்ஞான் என்னும் சிற்றூரில், ஏறத்தாழ ஒரு எக்டேர் பரப்புள்ள கல்லாங்காட்டை வீட்டோடு வாங்கினார். உழவுக்குதவாத அத்தகைய நிலத்தைப் புரோவென்சால் மொழியில் ஆர்மாஸ் என்பர். நெருஞ்சிலை ஒத்த முட்செடிகளும் நறும்புதர்களும் மண்டிய அந்நிலம் குளவிக்கும் தேனீக்கும் சொர்க்கமாயிருந்தது. ஃபாபர் அதைத் திருத்தவில்லை, சுற்றுச்சுவரால் காத்தார். கைக்குட்டையளவே ஆன சிறிய மரமேசை ஒன்றில் அமர்ந்து, அதே 1879 முதல் 1907 வரை, பூச்சியியல் நினைவுகள் என்னும் பெருநூலைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார்.

அந்நூலில் வரும் ஒவ்வோர் இயலும் ஒரு கேள்வியில் தொடங்கி ஒரு காட்சியில் விரிகிறது. 1896ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நூலிழை விட்டுச் செல்லும் பைன் மரக் கம்பளிப்புழுக்கள் பெரிய பூந்தொட்டி ஒன்றின் விளிம்பில் ஏறின. வட்டம் கூடியதும் ஃபாபர் மற்றப் புழுக்களை விலக்கி, கீழிருந்து வந்த இழைத்தடத்தையும் அழித்துவிட்டார். இப்போது தலைவனும் இல்லை, கடைசியும் இல்லை. அருகிலேயே உணவிருக்க, பசியிலும் குளிரிலும் அப்புழுக்கள் ஏழுநாள் அவ்வட்டத்திலேயே சுற்றின.

ஒரு மே மாதக் காலையில் பெரிய மயிற்கண் அந்துப்பூச்சியின் பெண் ஒன்று கூட்டிலிருந்து வெளிவந்தது. அதைக் கம்பிவலைக் கூண்டினுள் வைத்தார். அன்றிரவு மகன் கூவியழைக்க, விளக்கோடு அறைக்குள் சென்றவர், வௌவால்களைப் போல ஆண்பூச்சிகள் சுழல்வதைக் கண்டார். அன்று வந்தவை சுமார் நாற்பது, எட்டிரவுகளில் நூற்றைம்பது. பெண்ணை இறுக மூடிய கலத்துள் வைத்தால் ஒன்றும் வரவில்லை. மனித மூக்குக்கு எட்டாத ஏதோ ஒன்று அவற்றை அழைக்கிறதென்று ஃபாபர் கருதினார். பட்டுப்பூச்சியின் அத்தகைய மணப்பொருளைப் பூட்டெனாண்ட் என்னும் வேதியியலார் பிரித்தெடுத்தது 1959இல்தான்.

நார்போன் சிலந்தி தன் முட்டைப்பையை இழுத்துச் செல்லும்போது அதைப் பறித்து, அராவி உருட்டிய தக்கைப்பந்தைக் கொடுத்தார். தாய் அதையே அணைத்துக்கொண்டது. அதே தாய் குஞ்சுகளை ஏழு மாதம் முதுகில் சுமப்பதையும் கண்டெழுதினார். தேள்கள் கொடுக்குக் கரம் கோத்து மணிக்கணக்கில் உலவும் காதல்நடையையும், அதன் முடிவில் பெண்தேள் ஆணைத் தின்னுவதையும் விளக்கொளியில் இரவிரவாக நோக்கினார். தீ சூழ்ந்தால் தேள் தன்னைத்தானே கொட்டி இறக்கும் என்ற பழங்கதையையும் சோதித்தார். வெப்பத்தால் விறைத்துக் கிடந்த தேள் சிறிது நேரத்தில் எழுந்து நடந்தது.

எறும்பிடம் பிச்சை கேட்கும் சோம்பேறியாகச் சில்வண்டைச் சித்திரித்த லா ஃபோந்தேனின் கதையை ஃபாபர் ஏற்கவில்லை. கோடைவெயிலில் மரப்பட்டையைத் துளைத்துச் சாறு எடுக்கும் உழைப்பாளி சில்வண்டே. அத்துளையில் மொய்த்து அதை விரட்டும் கொள்ளைக்காரர் எறும்புகளே என்று காட்டினார். நான்காண்டு மண்ணுள் உழைத்து ஐந்து வாரமே வெயிலில் பாடும் அவ்வுயிருக்காகப் புரோவென்சால் மொழியில் கவிதையும் இயற்றினார்.

சாணியுருட்டும் வண்டைப் பற்றி அவர் எழுதியது பொறுமையின் உச்சம். அது உருட்டும் உருண்டைக்குள் முட்டை இருப்பதாகப் பண்டை எகிப்தியர் காலம் முதல் நம்பப்பட்டது. இளம் ஆசிரியராக இருந்தபோது தொடங்கிய தேடல், ஏறத்தாழ நாற்பதாண்டுக்குப் பின் ஆட்டிடையன் ஒருவன் மண்ணிலிருந்து எடுத்துவந்த சிறு பொருளில் முடிவுற்றது. உருட்டிச் செல்லும் உருண்டை வண்டின் உணவு. முட்டையிருப்பது மண்ணுக்கடியில் தாய்வண்டு வனையும், பேரிக்காய் வடிவான வேறொன்றில்.

கண்டதும் காணாததும்

ஃபாபரின் நடை எளியது. அதுவே அவருக்குக் குறையாகச் சுட்டப்பட்டது. கலைச்சொல் நிரம்பாத எழுத்து ஆழமற்றது என்றனர் அறிவியலார் சிலர். செத்த பூச்சியைக் குண்டூசியில் குத்தி வைத்துப் பெயரிடுவோர் நடுவே, உயிருள்ள பூச்சியின் வாழ்வைப் பிறருக்கு விளங்குமாறு எழுதுவதே தம் கடன் என்று அவர் நின்றார்.

சார்லஸ் டார்வின் இவரை ஒப்பற்ற நோக்காளர் எனப் போற்றினார். தேனீக்கள் வழியறிந்து கூடு திரும்பும் முறையை அறிய, பெட்டியிலடைத்துச் சுழற்றிப் பின் விடுமாறு கடிதவழி யோசனை கூறினார். ஃபாபர் அவ்வாறே செய்தார். சுழற்றப்பட்ட தேனீக்களும் வீடு திரும்பின. அம்முடிவுகள் நூலாக வெளிவந்த 1882ஆம் ஆண்டிலேயே டார்வின் மறைந்தார்.

இத்தகைய மதிப்பிருந்தும் ஃபாபர் டார்வினின் பரிணாமக் கொள்கையை ஏற்கவேயில்லை. முதல் குத்திலேயே தவறினால் குஞ்சு பிழைக்காது. ஆகவே குளவியின் திறம் படிப்படியாக வளர்ந்திருக்க முடியாது என்று வாதிட்டார். குத்துகளின் எண்ணிக்கையும் இடமும் குளவிக்குக் குளவி மாறுபடும், இரை சிலபோது இறந்தும் போகும், அப்போதும் குஞ்சு வளரும் என்பதை அமெரிக்கரான பெக்காம் தம்பதியர் 1898இல் எடுத்துக்காட்டினர். ஒருநாளில் காணக்கூடியதை ஃபாபரினும் நன்கு கண்டவர் அரியர். பல்லாயிரம் ஆண்டுகளில் மட்டுமே நிகழக்கூடியது அவர் கண்ணுக்கு அகப்படவில்லை. தம் கண்ணை மட்டுமே நம்பியவரின் வலிமையும் எல்லையும் ஒன்றாகவே இருந்தன. சில்வண்டு பாடிய மரத்தடியில் திருவிழா வெடிக்குழாய்களை முழக்கியும் பாட்டு நிற்காததால் அதற்குக் காது மந்தம் என முடிவுகட்டியதும் இவ்வகையினதே. தன்னினத்தின் ஒலியை அது நன்கு கேட்கிறதெனப் பின்னர் தெளிவாயிற்று.

எனினும் தமக்கு மாறான சான்றை அவர் மறைத்தவரல்லர். வெட்டுக்கிளியினத்துப் பாச்சையை வளைவாயிலில் வைத்துவிட்டு உள்ளே சென்று பார்த்துவரும் குளவியின் இரையை நாற்பது முறை நகர்த்தினார். நாற்பது முறையும் குளவி அதே சடங்கைச் செய்தது. பூச்சியின் அறியாமைக்கு இதனைச் சான்றாக்கியவர், வேறொரு குடியிருப்பில் அதே இனக் குளவி இரண்டு மூன்று முறைக்குப் பின் ஏமாற மறுத்ததையும் உடனெழுதினார்.

இறுதிக்காலம்

நூல்கள் மெல்லவே விற்றன. பள்ளிநூல்களின் வருவாயும் குன்றி, முதுமையில் வறுமை மீண்டது. புரோவென்சால் மொழிக்குப் புத்துயிர் அளித்து 1904இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் மிஸ்த்ரால் இவருக்காகக் குரல் கொடுத்தார். 1909இல் ஃபாபரின் புரோவென்சால் கவிதைகள் நூலாயின. 1910 ஏப்ரல் 3ஆம் நாள் செரிஞ்ஞானில் அறிஞரும் எழுத்தாளரும் கூடிப் பாராட்டு விழா எடுத்தனர். இலக்கியத்துக்கான நோபல் பரிசுக்கும் இவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1913இல் குடியரசுத் தலைவர் புவாங்கரே நேரில் வந்து வணங்கிச் சென்றார். அப்போது ஃபாபரால் நடக்க இயலவில்லை, கண்ணொளியும் மங்கியிருந்தது.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், 91ஆம் வயதில் ஃபாபர் காலமானார். 1922இல் ஆர்மாஸ் நாட்டுடைமையாயிற்று. அதே ஆண்டில் ஒசுகி சகாயே பெருநூலின் முதல் தொகுதியை ஜப்பானிய மொழியில் தந்தார். சிறுவர் கையில் வலையோடு ஃபாபரின் கதையையும் ஏந்தித் திரியும் நாடாக ஜப்பான் ஆனது அதன் பின்னரே.

வேரைக் கிழங்கென்றும் குளவியை வண்டென்றும் எழுதிச் செல்லும் கவிதை உலகெங்கும் உண்டு. ஃபாபரைப் படித்தவர்க்கு அவ்வாறு எழுதக் கை சற்றே தயங்கும். ஒரு வண்டு எதை உருட்டுகிறது என்று சொல்வதற்கு நாற்பதாண்டு காத்திருந்தவர் அவர். அந்தச் சிறிய மேசை ஆர்மாஸில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.